மவூட்டோ என்றால் தொல்லை

என் புருஷனின் பெயர் மவூட்டோ.
எங்கள் பேச்சில் அதற்குத் தொல்லை என்று பொருள்.
அவன் பிறந்த வருஷம் சோளம் கருகியது,
சுரங்க வேலைக்குப் போன அப்பன் திரும்பவில்லை.
நல்ல பெயர் தேட
யாருக்கும் தெம்பில்லை.

ஞானஸ்நானத்தன்று போதகர் கபுடுலா
வேறொன்று வைக்கலாமே என்றார்.
இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு
"கர்த்தர் என்னைக் கூப்பிட்டது இந்தப் பெயரில்.
மாற்றினால் எனக்குக் காது கேட்காது" என்றான்.
கரையில் நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
அந்தச் சிரிப்பைத்தான் கட்டிக்கொண்டேன் என்பான்.

அதே ஷிரே ஆறு
மார்ச் மாதத்து ராத்திரியில் எழுந்து வந்தது.
மூன்று நாள் மாமரத்தில் இருந்தோம்.
கீழே கூரைத் தகடுகள், ஆடுகள், யாருடையதோ கட்டில்.
சபையின் நீலக் கதவு
மூடியபடியே மிதந்து போயிற்று.
இரண்டாம் இரவு என் கை மரத்துப்போனது.

அதற்கு மேல் சொல்லமாட்டேன்.
பையனுக்கு இரண்டு வயது.
யான்கோ என்று பெயர்.
யான்கோ என்றால் பதில்.

கூடாரத்துக்கு ஒருவர் வந்தார், சேறுபடாத சப்பாத்தோடு.
துன்பத்திலே களிகூருங்கள் என்றார்.
மவூட்டோ தலை நிமிரவில்லை,
அவரை அரிசியில் கல் பொறுக்குவதுபோல்
அவரை விதையில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தான்.
நான் எழுந்து வெளியே போனேன்.
ஏழு மாதம் உம்மோடு பேசவில்லை, ஆண்டவரே.
ஜெபத்தில் வாயை மட்டும் அசைத்தேன்.
உமக்குத் தெரியாததா.

அக்டோபர் வெயிலில் சபைக்குச் செங்கல் அறுத்தார்கள்.
எங்கள் சோளக்கொல்லையை மூடிய வண்டல்தான் மண்.
பெண்கள் தண்ணீர் சுமந்தோம், சேறு மிதித்தோம்.
என் குதிகாலை ஏதோ கடித்தது.
குனிந்து துழாவினேன்.
கரண்டி.
என் கரண்டி.
மண்ணெண்ணெய் டின்னைத் திறக்கிறேன் என்று
மவூட்டோ காம்பை வளைத்துவைத்ததற்கு
இரண்டு நாள் நான் சண்டை போட்ட,
பையனுக்குக் கஞ்சி ஊட்டிய கரண்டி.

ஆறு ஊரையே கொண்டுபோய்
இதை மட்டும் வேண்டாமென்று விட்டிருக்கிறது!
சிரித்தேன்.
ஏனென்று தெரியாமலே பக்கத்தில் எஸ்நாத்து சிரித்தாள்,
லிண்டிவே சிரித்தாள், தண்ணீர்க் குடம் சரிந்தது.
எந்த இடத்தில் அது அழுகையானது என்று
எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.
கால்கள் நிற்கவில்லை.
சேறு மிதிபட்டுக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் பேசினேன்:
எனக்கு இன்னும் கோபம்தான்.
நீர் எழுந்து போகவில்லை.
எனக்கு முன்பே அந்தக் குழியில்
முழங்கால்வரை நின்றிருந்தவர்போல்
பேசாமல் இருந்தீர்.

சூளை பிரித்தபோது நூற்றுக்கு முப்பது வெடித்திருந்தது.
மவூட்டோ ஒவ்வொன்றாய்த் தட்டிக் காதில் வைத்தான்.
வெந்தது கணீரென்றது.
வேகாததை அவன் எறியவில்லை,
அடுத்த சூளைக்கு ஒதுக்கினான்.

இந்த ஞாயிறு சுவர் இடுப்பளவு. கூரை இல்லை.
பாட்டின் நடுவே என் குரல் உடைந்தது, பாடினேன்.
சந்தோஷம் விருந்தாளிபோல் வரவில்லை;
கடன் கேட்க வந்த சொந்தக்காரன்போல்
ஓரமாய் நின்றது.
உள்ளே வா என்றேன்.

காணிக்கைத் தட்டு வந்தபோது
பையில் கரண்டி இருந்தது.
போடவில்லை. அது எனக்கு வேண்டும்.
கோபித்துக்கொள்ளமாட்டீர்.
உமக்கும் ஒரு பிள்ளை இருந்தான்.