விரல்விட்டு எண்ணுதல்

கூட்டத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது
மற்றவர்களுக்குப் பேச்சு.
எனக்குச் சம்பளம்.

ஏப்ரல், திங்கள்கிழமை, கார்டிஃப்.
நான்கு நாள் ஆட்டத்தின் நான்காம் நாள்.
இரண்டாம் வாசலில் நான், ஹெயுல்வென் ப்ரோஸர்.
கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பொத்தான்,
ஒரு தலைக்கு ஓர் அழுத்து.
டிக் என்னும். அதற்குமேல் அதற்குப் பேச வராது.

பகல் உணவுக்குள் நூற்று முப்பத்தெட்டு.
மெர்வினின் நாயைச் சேர்த்தால் முப்பத்தொன்பது.
சேர்க்கக் கூடாது.
சேர்த்த நாட்களும் உண்டு.

ஜூன் மாத வெள்ளி இரவுகளில்
இதே பொத்தானில் இதே விரல் வீங்கிப்போகும்.
இருபது ஓவர், தீ கக்கும் குழாய்கள்,
காலிப் பீர்க் கோப்பைகளை ஒன்றில் ஒன்று செருகி
பாம்பாக்கித் தோளில் தூக்கித் திரியும் பையன்கள்.
அவர்களும் பந்தைப் பார்ப்பதில்லை.
அதனால் என்ன,
டெக்வென்னும்தான் பார்ப்பதில்லை.
பச்சை நூலில் எதையோ பின்னுகிறாள்,
யாருக்கென்று கேட்டால் சொல்ல மாட்டாள்.
அவள் கணவர் இரண்டு இருக்கை தள்ளி.
நடுவில் ஒரு ஃபிளாஸ்க்,
சண்டை இல்லை, கால் நீட்ட இடம் வேண்டுமாம்.
இடத்துக்கா இங்கே பஞ்சம்.

ஏன் யாரும் வருவதில்லை என்று கேட்க
போன வருடம் ஒரு பெண் படிவங்களோடு வந்தாள்,
வந்தவர்களிடமே கேட்டாள்.
மெர்வின் கட்டத்துக்கு வெளியே எழுதினார்:
வேலை இருப்பவனுக்குத் திங்கள்கிழமை வேலை இருக்கிறது.
வேலை இல்லாதவனுக்கு டிக்கெட்டுக்குக் காசில்லை.
எனக்கு இரண்டு பிரச்சினையும் இல்லை,
முழங்கால்தான்.
ஆற்றோரம் சற்றுத் தள்ளி ரக்பி இருப்பதை
அவர் எழுதவில்லை.
மழை பெய்யும் என்று யாராவது எழுதுவார்களா இந்த ஊரில்.

வீட்டில் மகன் கெதின் கேட்பான்:
யார் ஜெயித்தது?
யாருமில்லை, ட்ரா.
நாலு நாளா?
நாலு நாள்.
சோற்றுத் தட்டைப் பார்த்துச் சிரிப்பான்.
எனக்கும் சிரிப்பு வரும், காட்டிக்கொள்வதில்லை.

நாலரை மணிக்கு கெலின் தொண்ணூற்றொன்பதில் நின்றான்.
அம்மன்ஃபோர்டுப் பையன், இருபத்திரண்டு வயது.
நின்றான் என்றால் நின்றான்,
ஏழு ஓவர்.
மேற்கே குன்றுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.
நடுவர் வெளிச்சம் அளக்கும் கருவியை எடுத்துப் பார்த்து
திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.
கூரையில் தகடு மாற்றிக்கொண்டிருந்த இருவர்
துளைப்பானை நிறுத்திவிட்டுக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள்.
அவர்கள் வேறு வாசலில் வந்தவர்கள்,
என் கணக்கில் இல்லை.

பிறகு மட்டையின் விளிம்பு, ஸ்லிப்பைத் தாண்டி ஒரு ஓட்டம்.
அழகான ஓட்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

கைதட்டினார்கள்.
ஒவ்வொரு தட்டலுக்கும் முகவரி இருந்தது.
கையுறை போட்ட மந்தமான தட்டல், டெக்வென்.
கைத்தடியால் பலகையில் மூன்று, மெர்வின்.
கூரையிலிருந்து இரும்பில் இரும்பு.
கெலின் ஹெல்மெட்டைக் கழற்றினான்,
மட்டையை உயர்த்தினான்,
பழக்கத்தில் முதலில் பெரிய ஸ்டாண்டின் பக்கம்.
அங்கே நாலாயிரம் நீல நாற்காலிகள்.
ஒரு கணம் கழித்துத் திரும்பி
இந்தப் பக்கம், ஆளாளுக்குத் தனித்தனியாக
தலையசைத்தான்.
எனக்கும் ஒன்று வந்ததாகத்தான் நினைக்கிறேன்.

ரேடியோ கரகரத்தது.
அலுவலகம்: மொத்தம் எவ்வளவு, ஹெயுல்?
அந்த நேரம் பார்த்து ஒரு கூரியர்காரன்,
கையில் யாருக்கோ பொட்டலம்,
எங்கே கொடுக்க வேண்டும் என்று கேட்க வந்தவன்
கேட்காமல் கம்பியில் சாய்ந்து நின்றான்.
வண்டி வெளியே உறுமிக்கொண்டிருந்தது.
உட்கார்ந்தால்தான் பார்வையாளர் என்பது விதி.
ஒரு பந்து பார்த்தான்.
இன்னொன்று.
ஹெயுல், கேட்கிறதா?
இரு, என்றேன்,
விரல் பொத்தான்மேல்.