ஆடி இருபத்தேழு

ஒன்பதாம் எண் ட்ராமில் வாபேர்ன் போய் இறங்கி
அட்டையைக் கழுத்தில் மாட்டினால்
நான் ஒரு குரல். அவ்வளவுதான்.
அறிக்கையில் என் பெயர் வராது, எண் வரும்.

எதிரே தவராசா. இரண்டாம் விசாரணை.
வீடு எரிந்த நாளைக் கேட்கிறார் ஆம்ஷ்டுட்ஸ்,
தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டே.
கெட்டவர் இல்லை.
"முன்பு ஜூலை என்றீர்கள். இன்று ஆகஸ்ட் பன்னிரண்டு."
ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.
புத்தளத்து மதரஸாவில் மூன்று வருஷம்
ராவிகளை மனப்பாடம் செய்தவள் நான்.
யார் யாரிடம் கேட்டார், எந்த ஊரில்,
இவர் பிறக்குமுன்பே அவர் மவுத்தாகிவிட்டாரா,
நம்பகமானவர், பரவாயில்லை, பலவீனமானவர், விடப்பட்டவர்.
இரவெல்லாம் நின்று வணங்கியவரைக்கூட
நல்ல மனிதர்தான், அவரிடம் ஹதீஸ் எடுக்காதே என்பார்கள்.
பயமாயிருக்கும்.

ஆனால் ஏடுகள் எரிந்துபோன ஒருவர் இருந்தார்.
தீக்கு முன் அவரிடம் கேட்டவர்களைத் தனியே எழுது,
பின் கேட்டவர்களைத் தனியே எழுது என்றார்கள் சிலர்.
பொய்யர் என்று எழுதவில்லை.
ஆம்ஷ்டுட்ஸின் படிவத்தில்
அந்தக் கட்டம் இல்லை.

"நான் ஆடி எண்டுதான் சொன்னனான், தங்கச்சி.
ரெண்டு தரமும் ஆடி. ஆடி இருபத்தேழு."

முதல் தரம் அவர் வாய்க்கும் தாளுக்கும் நடுவில்
உட்கார்ந்திருந்தவளும் நான்தான்.
மார்ச் மாதம், பின்னேரம், காய்ச்சல் விட்ட மறுநாள்.
ஆடி என்றார். ஜூலை என்றேன்.
ஆடியில் பாதி ஆகஸ்டில் கிடக்கிறது என்று யோசிக்க
அரை மூச்சு போதும்.
அதை எடுக்கவில்லை.

தகப்பனைப் பற்றி ஒருவரிடம் கேட்டார்கள்.
வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றார். விடவில்லை.
தலை குனிந்திருந்துவிட்டுச் சொன்னாராம்:
இது மார்க்கம். என் தகப்பன் பலவீனமானவர்.
பரீட்சையில் எழுதினேன் இதை. பத்துக்கு ஒன்பது புள்ளி.

ஐந்து மணி. பக்கம் பக்கமாகத் திருப்பி வாசிக்கிறேன்,
ஒவ்வொன்றின் அடியிலும் தவராசா கையெழுத்து வைக்கிறார்,
படம் வரைகிற பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு.
ஏழாம் பக்கம்.
மணிக்கணக்கில் சம்பளம். பிழை விட்டவளை
அடுத்த மாதம் கூப்பிடமாட்டார்கள்.

"ஒரு நிமிஷம்" என்கிறேன் ஜெர்மனில்.
இந்த அறையில் யாரும் சொல்லித் தராமல்
நான் சொன்ன முதல் வார்த்தை.

"யார் சொல்வதாகப் பதிய?" என்கிறார் ஆம்ஷ்டுட்ஸ்.

எண்ணைச் சொல்கிறேன். போதவில்லை.
எழுதுங்கள்:
ஜெஸீமா. புத்தளம்.
பொய்யர் இல்லை.
ஆடியில் பலவீனம்.