முப்பத்தாறு அங்குலம்

கல்முனைக் கடையில் நிப்றாஸ்
மூன்று பார்களை மேசையில் கிடத்தினான்.
இருபத்துநாலு, இருபத்தெட்டு, முப்பத்தாறு.
வலையிலிருந்து இப்போதுதான் கழற்றிய
சாவாளை போல மினுங்கின.
"பாருங்கக்கா" என்றான்.
விலையைத்தான் முதலில் பார்த்தேன்.

மரத்தின் குறுக்களவு என்ன?
கைப்பையிலிருந்து சணல் கயிற்றை எடுத்து நீட்டினேன்.
ஒரு முடிச்சு அடிமரத்துக்கு,
இன்னொன்று கவைக்குக் கீழே.
அளவு நாடாவில் வைத்து வாசித்தான்:
அடியில் முப்பது. மேலே பதினெட்டு.

"முப்பதுக்கு முப்பது காணாதக்கா.
பலகை அறுக்கிற சட்டம் பூட்டினா
அதுவே நாலைஞ்சு அங்குலத்தத் திண்டிரும்.
பார் நீண்டா எஞ்சினும் பெருக்கணும்.
தொண்ணூறு சீசிக்குக் கீழ முப்பத்தாறப் பூட்டினா
மரத்துக்குள்ளயே மூச்சடைச்சு நிக்கும்."

விறகுக்குக் குறுக்கே துண்டாடுவது வேறு.
நாரோடு நெடுகப் பிளப்பது வேறு.
ஒரு பலகைக்குக் கால்மணித்தியாலம்
முழு விசையில் கத்தவேண்டும்.
சின்ன எஞ்சின் அழுதழுதே செத்துப்போகும்.

தவநேசன் இருபத்துநாலைத் தூக்கிப் பார்த்தார்.
"இது காணும். மேல்துண்ட அறுப்பம்.
ரெண்டு பலகைய ஒட்டினா கவுண்டர்தானே?"

ஒட்டினால் கவுண்டர்தான்.
ஒட்டிய இடுக்கில் சொதி இறங்கும்.
பதினொரு வருஷம் இரவு ஒன்பது மணிக்கு
கத்தி நுனியால் அந்த இடுக்கைச் சுரண்டியவள் நான்.
களுவாஞ்சிகுடி பஸ் தரிப்பிடத்தில்
அவசரமாய்ச் சாப்பிட்டுப் போன எல்லோரும்
கொஞ்சம் கொஞ்சமாய் அதற்குள் இருந்தார்கள்.
எனக்கு இனி இடுக்கு வேண்டாம்.
ஒரே பலகை.
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பசி.

சந்தி வாகை சரிந்த அன்று
காற்றுக்கூடப் பெரிதாய் இல்லை.
பிரதேச சபை ஏலத்தில்
என்னைத் தவிரக் கேட்க ஆளில்லை.
ஏன் என்று பிறகுதான் விளங்கியது.
ஏறாவூர் மில்காரர் மரத்தைப் பார்க்கவே வரவில்லை.
"சந்தியில நிண்டதா?" என்று மட்டும் கேட்டார்.
போனை வைத்துவிட்டார்.

மரம் உயரும். ஆணி உயராது.
அடித்த இடத்திலேயே நின்று
வருஷத்துக்கொரு வளையமாய்ப் புதையும்.
முழங்காலிலிருந்து கையெட்டும் உயரம் வரை,
சரியாக எனக்கு வேண்டிய அந்த ஆறடியில்,
எத்தனை தேர்தல், எத்தனை ரியூஷன்,
நீர்வெட்டு, இரத்ததானம்,
சுவிஸிலிருந்து அறிவித்த மரணங்கள்.
மேல்துண்டு சுத்தம்.
அங்கே காகம் மட்டும்தான் இருந்தது.
அகலமானதெல்லாம் ஆணியோடுதான்.

"ஏணி இருக்கா?" என்றான் நிப்றாஸ்.
முதல் வெட்டுக்கு மரத்தின்மேல்
ஏணியைப் படுக்கவைத்து ஓட்டவேண்டுமாம்.
உருண்டதுக்கு நேர்கோடு தெரியாதாம்;
நாம் ஒன்றைக் கடன் கொடுக்கவேண்டும்.
அடுத்த பலகைக்கு
முதல் பலகையின் முகமே வழி.

முப்பத்தாறைப் பெட்டியில் வைத்தான்.
சீட்டுக் காசை இரண்டு தரம் எண்ணினான்.
சங்கிலியைப் பத்துப் பாகையில் அராவச் சொன்னான்,
எண்ணெயில் கஞ்சம் பிடிக்காதீங்க என்றான்.
பெட்டியை மூடப்போய் நிறுத்திக் கேட்டான்:
"சங்கிலி எத்தனை?
ஆணியில பட்டா பல்லு போயிரும்."

"ரெண்டு" என்றார் தவநேசன்.

நான் எண்ணத் தொடங்கினேன்.
'மதியச் சாப்பாடு தயார்' பலகைக்கு
என் ஆணி மூன்று.
வாழைக்குலை தொங்கவிட்டதும் என்னுடையதுதான்,
ஐந்தங்குல ஆணி.
பிறகு தெற்குப் பக்கம்,
'காணவில்லை' என்ற அந்தப் பையனின் படம்.
ஒவ்வொரு மழைக்குப் பிறகும்
புதுப் படம், புது ஆணி.
தாய்க்கு உயரம் எட்டாது;
என் கடைக் கதிரையை வாங்கி ஏறித்தான் அடிப்பாள்.
கதிரை கேட்டு அவள் வராமல் விட்டது
எந்த மாரியில் என்று
எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"ஆறு கட்டுங்க தம்பி" என்றேன்.
"காணாட்டித் திரும்ப வருவன்."