மூன்றாம் தாள்

நாவலின் பெயரே ஒரு முழு வாக்கியம்:
'நள்ளிரவுச் சலவையகத்தில் என் சட்டையை
மடித்து வைத்தது யாரென்று கேட்காதீர்கள்.'
பதினான்கு பாகம். எல்லா அட்டையிலும் அவள் முதுகு.
மினாஹோ, ஒற்றைக் காலுறைகளின் ஆவி.
உலர்த்தியின் வட்டக் கண்ணாடிக்குள்
துணியோடு துணியாகச் சுழலும்போது
ஒரு கன்னம் தெரியும், அவ்வளவுதான்.
எழுதியவர் முகத்தை எழுதவே இல்லை.
ஒன்பதாம் பாகத்தில் மட்டும் ஒரு வரி:
'அவள் திரும்பினாள்.'
அடுத்த அத்தியாயத்தில் விடிந்துவிடுகிறது.

மாங்கா வரைந்தவர் கெட்டிக்காரர்.
அந்த வரிக்கு ஒரு பக்கம் முழுக்க நீராவி வைத்தார்.

தொலைக்காட்சிக்கு நீராவி போதாது.
சாவிக்கொத்து விற்கவேண்டும், தலையணை உறை விற்கவேண்டும்.
பதினொரு நிறுவனம், பதினொரு தேநீர்க் கோப்பை,
முகம் வேண்டும் என்றார்கள்.
உடாகாவா நாற்பது முகம் வரைந்து கிழித்து
நாற்பத்தொன்றாவதை வெறுத்துக்கொண்டே கொடுத்தார்.

நான் அவருக்கும் பல படி கீழே.
மிதாகாவில், பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில்,
இரண்டு மூலப்படங்களுக்கு இடையில் என்ன நடந்ததோ
அதை வரைபவள்.
தாளுக்கு இருநூற்று முப்பது யென், அடிமாட்டு விலை.
'அ' முதுகு. 'ஆ' முகம்.
நடுவில் ஐந்து தாள்.
காலை ஆறுக்கு வண்டி வந்துவிடும்.

முதல் தாளில் தோள் மட்டும் அசைந்தது.
இரண்டில் முடி விலகிக் காதின் ஓரம்.
நான்கும் ஐந்தும் சுலபம், உடாகாவாவின் மூக்கு வந்துவிட்டது.
மூன்றை விட்டு வைத்திருந்தேன்.

முதுகும் இல்லை, முகமும் இல்லை.
கோடுகளின் கணக்குப்படி
மூக்கு பாதி கன்னத்துக்குள்ளேயே இருக்கவேண்டும்.
கண் ஒன்றுதான்,
அதுவும் இன்னும் பார்க்கத் தொடங்காத கண்.
கீழிருந்து ஒளி அடிக்க,
அடுக்கிய தாள்களுக்குள்ளிருந்து அவள் தானாகக் கசிந்தாள்.
என் பென்சில் பின்னால் போனது.

பயம் என்று சொல்லமாட்டேன்.
பக்கத்து மேசைக்கடியில் ஹிரானுமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.
யாரோ என்னிடம் ஏதோ கேட்க வாயெடுத்து,
சரி வேண்டாம் என்று
விட்டதுபோல் இருந்தது.
அழிக்கவில்லை. மூலையில் எண் போட்டேன்: 3.

ஒளிபரப்பில் அது நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு.
இமைத்தவர்களுக்கு அதுவும் இல்லை.
இறுதியில் ஓடிய பெயர்ப் பட்டியலில்
செகவா தோவா என்பதில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டார்கள்.
ஒலி அதேதான், பொருள் வேறு.
அம்மா தொலைபேசியில் வாழ்த்தினாள்,
வேறு எவளையோ.

இதுவா மினாஹோ என்று ஊரே திட்டியது.
வட்டு விற்பனைக்கு வருமுன் முகத்தை மாற்றினார்கள்,
கண்ணைப் பெரிதாக்கி, வாயைச் சுருக்கி.
நான்கையும் ஐந்தையும் யாரோ திருத்திக் கொடுத்தார்கள்.
பிறகு இகெபுகுரோவில் மேடை நாடகம்:
கம்பியில் தொங்கிய பெண் வேர்த்து விறுவிறுத்து மிதந்தாள்.
பிறகு நடிகர்களை வைத்து ஒரு படம்,
இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை.

பிறகு பச்சிங்கோ.
தாச்சிகாவாவில் மழைக்கு ஒதுங்கியபோதுதான் பார்த்தேன்.
எஃகுக் குண்டுகள் கொட்டுகிற பேரிரைச்சலில்
ஏழு ஏழு ஏழு விழுந்தால் மினாஹோ திரும்புவாள்.
பால் வண்டிக்காரர் போலிருந்தார், சீருடையில் பசுப் படம்.
விழுந்தது.
திரும்பினாள்.
புது நிறத்தில் முதுகு, புது முகம்,
இடையில்
மாற்றவேண்டும் என்று எவருக்கும் தோன்றாத என் தாள்.

வெற்றி விளக்குகள் அலறிக்கொண்டிருந்தன.
அவர் குண்டுகளை அள்ளவில்லை.
"இப்ப ஒண்ணு வந்துச்சே, பாத்தியா?" என்று
பக்கத்து இருக்கையைக் கேட்டார்.
அது காலியாக இருந்தது.

நான் எதுவும் சொல்லாமல்
நனைந்துகொண்டே ரயிலுக்கு நடந்தேன்.
அறைக்கு வந்து, காய்ந்த துணிகளை
நானேதான் மடித்து வைத்தேன்.
ஒரு காலுறை குறைகிறது.
தேடவில்லை.