பணம் திரும்பாது

சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது:
இருவருக்கு. பணம் திரும்பாது. பெயர் மாற்ற முடியாது.
பிப்ரவரியில் வாங்கியது.
பிப்ரவரியில் நாங்கள் இருவராக இருந்தோம்.

ஜூனுக்குள் வக்கீல் வைத்தாகிவிட்டது, ஆளுக்கொருவர்.
முந்நூற்றெண்பது யூரோவைக் கடலில் போடுவதா
என்று போனில் கேட்டான் அமலோர்.
கடலில்தானே போடப்போகிறோம் என்றேன்.
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
சிரித்திருக்கக் கூடாது.

மர்சேயில், பழைய துறைமுகத்தில்,
ஏறுமுன் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்.
தேக்குத் தளம் கீறிவிடுமாம்.
ஒரு பிரம்புக் கூடை சுற்றி வந்தது.
எவ்வளவு பெரிய பணக்காரப் படகானாலும்
நம் வீட்டுக்குள் நுழைவதுபோல்தான் நுழைய வேண்டும்.
பதினெட்டுப் பேர், முப்பத்தாறு பாதங்கள்.
அவற்றில் இரண்டை மட்டும் எனக்கு நகம்வரை தெரியும்.

வெள்ளைச் சட்டைப் பையன் இடுக்கியில்
ஈரத்துண்டு நீட்டினான், எலுமிச்சை மணத்தோடு.
பிறகு ரோஜா நிற ஒயின்.
பிறகு, வறுக்காத நெத்திலியை எண்ணெயில் ஊறவைத்து
ரொட்டிமேல் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.
பாவம் என்றான் அமலோர்.
மீனைச் சொன்னானா சமைத்தவனைச் சொன்னானா
நான் கேட்கவில்லை.

மாயிர், ஜார், ரியூ.
தீவுகளின் பெயர்களை ஒலிபெருக்கி சொல்லச் சொல்ல
ஒவ்வொன்றாய் எழுந்து வந்தன,
மரமில்லை, வீடில்லை, உரித்த கல்.
ஜூலை வெயில் அதில் பட்டு முகத்தில் தெறித்தது.
உன் அக்காவுக்கு வெண்ணெய் எனக்குச் சுண்ணாம்பா
என்று நான் கத்திய ஒரு ராத்திரி உண்டு.
இங்கே யாருக்கும் வெண்ணெய் கிடையாது.
எல்லார் கண்ணிலும் சுண்ணாம்பு.
கறுப்புக் கண்ணாடிக்குள் அவனும்
கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருந்தான்.

குகைக்குள் போக ரப்பர் படகு, ஆறாறு பேராக.
உள்ளே நுழைந்ததும் என்ஜினை நிறுத்தினார்கள்.
நீலம் கீழிருந்து வந்தது.
கூரையில், தண்ணீரின் வெளிச்சம்
படிக்க முடியாத கையெழுத்துபோல் அலைந்தது.
இது அலை அடித்துக் குடைந்ததல்ல
என்றாள் வழிகாட்டிப் பெண், மெதுவாக.
மேலே பெய்த மழை
விரிசலில் இறங்கி, துளித்துளியாய்,
பல்லாயிரம் வருஷம் கல்லைக் கரைத்தது.
கடல் கடைசியில் வந்து குடியேறியது, அவ்வளவுதான்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
எறும்புகூட வேண்டாமாம்.

யாரோ இருமினார்கள். குகை அதைத் திருப்பிச் சொன்னது.
என் முழங்கை அவன் முழங்கையில் பட்டது.
இருவரும் எடுக்கவில்லை.
இடமில்லை என்பதும் உண்மை.

வேறொரு குகை இருக்கிறது, பக்கத்துப் பாறையில்,
வாசல் கடலுக்கடியில், ஆள் போக முடியாது.
அந்தக் காலத்தில் கடல் எங்கோ தள்ளி இருந்ததாம்.
நடந்து உள்ளே போனவர்கள்
சுவரில் கையை வைத்து வண்ணம் ஊதியிருக்கிறார்கள்.
சில கைகளில் விரல்கள் குறைகின்றன.
ஏனென்று தெரியாது என்றாள் அந்தப் பெண்.

மடக்கியிருப்பான் என்றான் அமலோர்.
பனியில் போயிருக்கும் என்றேன்.
எல்லாருக்குமா போகும்?
எல்லாரும் ஒரே மாதிரியா மடக்குவார்கள்?
அது சைகை, ஏதோ சொல்கிறார்கள்.
என்ன சொல்கிறார்கள், சொல்லேன்.
ஒயின் ஊற்ற வந்தவன் காத்திருந்து திரும்பிப் போனான்.
அமலோர் இடது கையை விரித்து
இரண்டு விரலை மடக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான்.
பல மாதங்களுக்குப் பின்
எங்களைப் பற்றியல்லாத ஒரு சண்டை.
துறைமுகம் தெரியும்வரை நீண்டது.
யாரும் ஜெயிக்கவில்லை.

இறங்கும் இடத்தில் கூடை.
குனிந்து கிளறி
முதலில் என்னுடையதை எடுத்து வைத்தான்,
இடது வலது மாறாமல், நான் நிற்கும் பக்கம் பார்த்து.
பிறகு தன்னுடையதை வெகுநேரம் தேடினான்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு
வக்கீல் அலுவலகம், மூன்றாம் மாடி.
லிஃப்ட் பழுது என்று நினைவுபடுத்தினேன்.
தெரியும் என்றான்.
மெட்ரோவில் அவனுக்கு நீலத் தடம், எனக்குச் சிவப்பு.
உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன்,
மடியில் என் கை
இரண்டு விரல் மடங்கிக் கிடந்ததை.