மணிக்கொரு துளி

பன்னிரண்டு மணி நேரம் சில்லுகளைப் பார்ப்பவள் நான்.
பாயான் லெப்பாஸில், நுண்நோக்கியின் அடியில்,
மயிரிழையில் பாதிகூட இல்லாத கீறலைக்
கண்டுபிடித்து ஒதுக்கத்தான் சம்பளம்.
"கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாருங்க" என்பார்
சூப்பர்வைசர் கோமளவல்லி.
நான் விட்டதெல்லாம் லென்ஸ்.
ஒரு மாதத்துக்கானதை மூன்று மாதம் போட்டேன்.
இரவு ஷிப்டு முடிந்த ஒரு விடியலில்
கழற்றாமலே தூங்கியும் போனேன்.

முதல் நாள் மணல் என்று நினைத்தேன்.
மறுநாள் மணலுக்குப் பல் முளைத்தது.
மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தால்
கருவிழியில் சோற்றுப்பருக்கையாய் ஒரு வெள்ளை.

எதிர் பிளாட்டு ராஜமீனா மிளகாய் சுற்றிப் போட்டாள்.
மூலைக்கடையில் எட்டு வெள்ளிக்கு ஒரு சொட்டு மருந்து.
அது சிவப்பைத் தூங்க வைத்தது,
அடியில் இருந்ததற்கு இலை போட்டுப் பரிமாறியது.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊய்
கண்ணை மரக்க வைத்துச் சுரண்டினார்.
மஞ்சள் சாயம். நீல வெளிச்சம்.
ஃபைலில் ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம்,
"மூன்று புள்ளி இரண்டு" என்றார் தாதியிடம், மலாயில்.
சுரண்டியதைத் தட்டில் இழுத்தார்கள்
கோலம் தெரியாதவள் போட்ட கோலம் போல.
அது வளரும்வரை பெயர் தெரியாது.
பெயர் தெரியாத ஒன்றுக்குத்தான்
அன்றிரவே வைத்தியம்.

எங்கோ ஒரு நுண்நோக்கியின் அடியில்
என் கீறலை யாரோ பார்க்கிறார்கள்.
அவர்களுக்கும் ஷிப்டு இருக்கும்.

வார்டில் கட்டில் இல்லை.
"வீட்டில் மருந்து விட ஆள் உண்டா?"
உண்டு என்றேன்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் லாரி ஓட்டும் முகிலரசன்,
கட்டைவிரல் என் மணிக்கட்டுத் தடிமன்.
ஐஸ்பெட்டியில் சம்பால் டப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டு புட்டிகள்.
முதல் புட்டி, ஐந்து நிமிடம், இரண்டாம் புட்டி.
பன்னிரண்டு. ஒன்று. இரண்டு.
ஒவ்வொரு மணிக்கும் குழாய் திறக்கும், சோப்பு வழுக்கும்.
கைகழுவுவது என்றால் ஊர்ப்பேச்சில் விட்டுவிடுவது.
இவன் மருந்து விடுவதற்காகக் கழுவினான்.
"மேலே பாரு."
முதல் துளி மூக்கில். அடுத்தது புருவத்தில்.
அதற்கடுத்தது ஐஸ் ஊசியாய் உள்ளே இறங்கித்
தொண்டையில் கசந்தது.
மூன்று மணிக்கு அவன் கண்தான் என்னுடையதைவிடச் சிவப்பு.
"யாரு நோயாளி?" என்றேன். சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் பெயர் வந்தது, வாயில் நுழையாத நீளம்.
தண்ணீரில் வாழ்வதாம். குழாயில், லென்ஸ் டப்பாவில்,
எதையும் கேட்டுக்கொண்டு வராதாம்.
இரண்டு புட்டிகளில் ஒன்று
அதற்கு வெறும் தண்ணீராம்.

நாற்பத்தெட்டு துளி.
நாற்பத்தெட்டு விழிப்பு.
அவன் அந்தப் புட்டியைக் குப்பையில் போடவில்லை,
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான்.

புது மருந்து.
எரிச்சலில் சுவரைப் பிறாண்டினேன்.
வலுத்தால் கண்ணையும் அரிக்கும், மெலிந்தால் கிருமி பழகிவிடும்;
டாக்டர் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ நின்றார்,
அவருக்கும் இடம் சரியாகத் தெரியவில்லை.
இரண்டு புள்ளி எட்டு.
இரண்டு புள்ளி எட்டு.
இரண்டு புள்ளி ஒன்று.

ஆறாம் வாரம் "போய்விட்டது" என்றார்.
போனது, உட்கார்ந்திருந்த இடத்தில்
ஒரு வெள்ளைத் துண்டை விரித்துவிட்டுப் போயிருக்கிறது.
வலக்கண்ணில் கொம்தார் ஒரு நீராவித் தூண்.
ஒட்டுப்போடலாம், வரிசை இருக்கிறது, எண் தந்திருக்கிறார்கள்.
கோமளவல்லி என்னைப் பேக்கிங்கில் போட்டார்.
பெட்டிகளுக்கு ஒரு கண் போதும்.

இப்போது துளி நாளுக்கு நான்குதான், எல்லாம் பகலில்.
ஆனாலும் நேற்று மூன்று மணிக்குக்
குழாய் திறக்கும் சத்தம்.
அலாரம் இல்லை, விளக்கில்லை,
பாதித் தூக்கத்தில் நின்று கைகழுவுகிறான்.

நான் மேலே பார்க்கிறேன்.