நூற்றுப் பத்து ஜெட்

முதல் உதையிலேயே உயிர் வந்துவிட்டது.
வினை அங்கேதான்.
பெரிய வேலை முடிந்ததென்று
சோப்புத் தூளும் சர்க்கரையும் போட்டுத் தேய்த்து
அன்றே கை கழுவிவிட்டேன்.

சேலத்தில் நயாஸ் போர் போட்டுக் கொடுத்த சிலிண்டர்,
அரை மில்லி பெரிய பிஸ்டன்.
போர்ட்டுகளை நானே ராவினேன்,
பாலக்கோட்டு வாடகை வீட்டின் சமையல் மேடையில்.
ஒரு மாதம்
உப்புமாவில் அலுமினியம் கடிபட்டது.

ஓசூர் கம்பெனியில்
மைக்ரோமீட்டர் பிடித்துப் பிழைக்கிறவள் நான்.
மயிரிழையில் எட்டில் ஒரு பங்கு கூடினால்
தள்ளுபடி, என் கையெழுத்து.
பழைய ஷோகன் ஒன்று
எனக்கு அடங்காதா என்ன?

இரண்டாம் நாள் பெட்ரோல் சொட்டியது.
ஃப்ளோட் ஊசியின் அடியில் தூசி. ஊதினேன், நின்றது.
அடுத்து ஐடிலிங்:
சூடேறினால் ஏறி இறங்கும்,
தூக்கத்தில் சண்டை போடுகிறவன் மூச்சு மாதிரி.
இன்டேக் ரப்பரில் நகக்கீறல் வெடிப்பு.
ஸ்பிரேயை அங்கே பீய்ச்சியதும்
குரலை உயர்த்தித் தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது.
அப்புறம் கிளட்ச் கேபிள்.
அப்புறம் ஒரு கடகடப்பு.
பிஸ்டன் பின்னோ என்று வயிறு கலங்கி
ஹெட்டையே கழற்றினேன்.
நம்பர் பிளேட்டில் ஒரு திருகு லூஸ்.

எல்லாம் நாள்காட்டித் தாளின் முதுகில் எழுதினேன்.
முன்பக்கம் ராகுகாலம்.

ஒன்று மட்டும் போகவில்லை.
நல்ல பிளக்
வறுத்த கேழ்வரகு நிறத்தில் இருக்க வேண்டும்.
என்னுடையது ஈரக் கரி.
ஞாயிறுதோறும் தொப்பூர் இறங்கித் திரும்பி ஏறுவேன்,
மூன்றாவது கியரில் மூழ்கிப்போகும்.
ஒரு தடவை தக்காளி லாரி முந்தியது.
ஏற்றத்தில். லோடோடு.
கிளீனர் கையாட்டிவிட்டுப் போனான்.

நூற்றுப் பத்திலிருந்து நூற்றைந்து.
நூறு.
"இன்னொரு நம்பர் குறைச்சுப் பாரு" என்றார் நயாஸ் போனில்.
தொண்ணூற்றைந்தைத் திருகும்போது
வாஷர் நழுவி உள்ளே எங்கோ விழ,
அதைத் தேடித்தான்
ஏர்பாக்ஸ் மூடியைத் திறந்தேன்.

நிலக்கடலை.
தோலோடு, ஒரு படி தேறும்.
அதன்மேல் மெத்தையாக என் நாள்காட்டித் தாள்,
கடித்தது போக மிச்சம்:
'ஜெட் 105. முன்னேற்றம் இல்'

மாடியில் காயவைத்த கடலை குறைகிறதென்று
வீட்டுக்காரர் கெம்பையா இரண்டு மாதமாக
என் மகன் கால்சட்டைப் பையையே
பார்த்துக்கொண்டிருந்தார்.
முறத்தில் கொண்டுபோய் வைத்தேன்.
"பெட்ரோல் நாறுது" என்றார்.

சிரித்துவிட்டுப் படுத்தேன்.
நள்ளிரவில்தான் உறைத்தது.
கடலையை மட்டும் அள்ளிவிட்டு
அந்தத் தொண்ணூற்றைந்தோடு போயிருந்தால்
தாராளமாய்க் காற்று, பெட்ரோல் பற்றாக்குறை,
தொப்பூர் வளைவில், லாரிகளுக்கு நடுவில்,
பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வியிருக்கும்.
எலி செய்தது ஒரு தப்பு.
அதற்கு ஒத்துப்போகும்படி
சரியாக இருந்ததை
நம்பர் நம்பராகக் கெடுத்து வைத்தவள் நான்.

எழுந்து போய்
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பழைய நூற்றுப் பத்தையே போட்டேன்.
காற்று வாயில் சல்லடைக் கம்பி.
எலி கண்ணில் படவில்லை.

ஞாயிறு மூன்றாவது கியரில் ஏறியது.
ஏறியது என்று மட்டும் சொல்கிறேன்,
மற்றதைச் சொன்னால் கண்ணேறு.
முந்துவதற்கு ஒரு தக்காளி லாரிகூட இல்லை:
விலை விழுந்து
பறிக்காமலே விட்டிருந்தார்கள்.
மேட்டில் அணைத்து, கை சுட, பிளக்கைக் கழற்றினேன்.
கேழ்வரகு.

வீட்டில் நிறுத்தி ஸ்டாண்ட் போட்டு
இரண்டடி நடந்து திரும்பினேன்.
சிமெண்டுத் தரையில் எண்ணெய், ஒரே ஒரு சொட்டு.
விரலில் தொட்டு மோந்தேன்.
கியர் ஆயில்.
நாளைக்கு ஆறு மணி ஷிப்ட்.
தாளைக் கிழித்தேன்.